பால் கணக்கு

பென்சில் மட்டும்தான் அனுமதி.
பேனாவையும் நனைந்த குடையையும் வெளியே பூட்டிவிட்டு
ஷ்ரூஸ்பரி ஆவணக் காப்பகத்தின் எட்டாம் மேசையில்
நானூற்றுச் சொச்சம் வருஷத்துத் தூசியைத்
தலையணைமேல் படுக்க வைக்கிறேன்.

கூலிக்கு வம்சம் தேடுபவள் நான்.
இம்முறை கூலி தருபவர் கெர்வாஸ் மார்வுட்,
லட்லோவில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
ஃப்ரிஸ்வைட் சீமாட்டியைப் பெற்றவள்
முதல் மனைவி ஜோய்ஸ்தான் என்று
ஒரு தாள், ஒரே ஒரு தாள் போதுமாம்.
வரவேற்பறைச் சுவரில் கேடயச் சின்னத்துக்கு
இடம் விட்டு வர்ணமும் அடித்தாயிற்று.

தகப்பனில் தகராறே இல்லை.
ஓவியத்தில் அவள் மூக்கு,
கல்லறைச் சிலையில் அவர் மூக்கு.
தாயறியாத சூல் உண்டா என்பார்கள்.
இங்கே சூல் உண்டு,
அறிந்தவளைத்தான் காணோம்.

ஜோய்ஸைப் புதைத்தது 1540 பிப்ரவரி.
பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1541 ஏப்ரல்.
செத்துப் பதினான்கு மாதம் கழித்தா பெற்றாள்?
படித்தவர்கள் வெகுகாலம் சிரித்த கணக்கு.
ஆனால் அந்நாளில்
வருஷம் பிறப்பது மார்ச் இருபத்தைந்தில்.
அவர்களுடைய அந்த பிப்ரவரி நமக்கு நாற்பத்தொன்று.
பதினான்கு மாதம் என் பென்சில் முனையில்
ஏழு வாரமாகச் சுருங்கிவிட்டது.

ஏழு வாரம்.
நாலாம் நாளே தண்ணீர் தெளிக்கிற ஊரில்
யார் வைத்திருந்தார்கள் பிள்ளையை அத்தனை நாள்?

இரண்டாம் மனைவி சிபில் வந்தது ஜூனில்.
வழக்குப் போட்டவன் அவள் மகன் ரோலண்ட்:
அக்காளே இல்லை, ஆலைக்காரி பெற்றது,
பண்ணையும் மீன்குளமும் எனக்கே.

ஈயமணிச் சரத்தால் தாளை அழுத்துகிறேன்.
சாட்சி க்வென்லியன், மாவாலைக்காரன் விதவை,
வயது எழுபது அல்லது கிட்டத்தட்ட.
வேல்ஸ் மொழி தவிர வேறறியாள்.
பக்கத்தில் சத்தியம் செய்த துபாஷி.

காலாண்டுப் பாலுக்கு நாலு ஷில்லிங்,
ஒரு சிவப்புப் பாவாடை.
வாங்கினேன் என்கிறாள்.

யாருக்குப் பால் கொடுத்தாய்?

அவள் மொழியில்
சிறுமிக்கும் மகளுக்கும் ஒரே சொல்.
அதைத்தான் சொல்லியிருப்பாள்.
குமாஸ்தா “தன் மகளுக்கு” என்று எழுதி
குறுக்கே கோடிழுத்து
மேலே பொடி எழுத்தில்:
“மேற்படி பெண்ணுக்கு.”

அடிக்கச் சொன்னது யார்?
துபாஷியா, வக்கீலா,
கதவுக்கு வெளியே காத்திருந்த
ஐம்பது வயது ஃப்ரிஸ்வைட் இருமினாளா?
மையில் அவசரம் தெரிகிறது. கை தெரியவில்லை.

இதற்குமேல் இவள் சாட்சி சொல்ல அறியாள்
என்று முடித்துக் கைநாட்டு கேட்டிருக்கிறார்கள்.
மற்றவர்கள் எல்லாரும் சிலுவை.
இவள் போட்டது வட்டம், நடுவில் ஒரு புள்ளி.

ஆலைக்கல் என்று குறித்துக்கொண்டேன்.
பிறகு ரப்பர் எடுத்து அதை அழித்தேன்.

நாலு மணிக்கு பார்க்கிங் சீட்டு முடிகிறது.
கெர்வாஸுக்கு அந்த ஏழு வாரத்தை அனுப்பிவிடலாம்.
சுவருக்கு அது போதும்.