தண்ணிக் கழிவு

படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
உங்கள் திட்டத்தால் பயனடைந்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்?
எண்ணில் எழுதவும்.

சேரம்பாடியில் மூன்று நாளாக விடாத மழை.
முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகை இது.
எஸ்டேட் இரவல் தந்த கூரை,
இரவல் தந்த மின்சாரம்.
ஒன்பது லேப்டாப். ஒன்றில் ‘ர’ விழாது.
ரூபவதி தன் பெயரின் முதலெழுத்தை
எங்கிருந்தாவது நகலெடுத்து வந்து ஒட்டிக்கொள்வாள்.

யானை நிற்கிற பாதையில் வீடுள்ளவர்களை
நாலரைக்கே அனுப்பிவிடுவேன்.
கோயம்புத்தூரிலிருந்து ஒரு முதலீட்டாளர்
போனில் கேட்டார், ரிஸ்க் என்னென்ன என்று.
யானையைச் சொன்னேன்.
வெகுநேரம் சிரித்தார்.

கணக்குத்தாள் பழக
வீட்டிலிருந்து ஏதாவது கணக்கு கொண்டுவரச் சொன்னேன்.
மளிகைச் சிட்டை வரும், கிரிக்கெட் ஓட்டங்கள் வரும்
என்றுதான் நினைத்தேன்.
ரூபவதி கொண்டுவந்தது
பால்பவுடர் டப்பா நிறைய
அம்மாவின் கொழுந்துச் சீட்டுகள்.
பத்து மாதம். மாதத்துக்கொரு ரப்பர் பேண்ட்.

பறித்தது. கழிவு. நின்றது.
மூன்று பத்திகள்.
இலையில் தண்ணீர் நிற்கும், அதற்கு மூன்று கிலோ கழிவு.
நியாயம்தானே என்று இருந்த கணக்கு.
ஷமீமா நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தாள்:
அன்றன்றைய மழையளவு.
பிறகு கோடு இழுத்தாள்.

பிப்ரவரியில் மழை
தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.
மூன்று கிலோ மட்டும்
அதே உயரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தது,
வெயிலிலும் நனைந்தபடி.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
மைக் பிடித்துப் பலமுறை சொன்னதுதான்:
கேள்வி கேளுங்கள், முன்னால் நில்லுங்கள்.
கண் போனதோ
கதவோரத்து மீட்டர் பெட்டிக்கு.
“இப்போதைக்கு வேறு கணக்கு பார்ப்போமே” என்றேன்.
கணக்குப்பிள்ளையின் குரல்
என் வாயிலிருந்து வந்தது.

ரூபவதி நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை.
ஓடாத நிரலை மேலிருந்து படித்துக்கொண்டு வருவாளே,
பிழை எந்த வரியில் என்று,
அந்தப் பார்வை.

“நீங்க வர வேணாம்க்கா. உங்களுக்கு ரூம் போயிடும்.
எங்களுக்கு என்ன போகும்?”
கொஞ்சம் யோசித்தாள்.
“அம்மாவுக்கு வேலை போகலாம்.
அதனால மொதல்ல அம்மாங்களைக் கேக்கணும்.”

மூன்று லைன் வீடுகள், நாற்பத்தொரு பேரைக் கேட்டார்கள்.
இருபத்தாறு பேர் சரி என்றார்கள்.
சிலர் கதவைச் சாத்தினார்கள்.
மற்றவர்கள் சீட்டை மட்டும் நீட்டி,
பேர் வேண்டாம் பிள்ளை என்றார்கள்.
ஷமீமா பேர் இருந்த பத்தியை மறைத்தாள்.
அழிக்காமல் மறைப்பது எப்படி என்று
நான் சொல்லித்தந்ததுதான்.

திங்கட்கிழமை ஆபீசுக்குள் நடந்தது
எனக்கு முழுதாகத் தெரியாது.
பஸ் நிறுத்தத்தில், குடைக்குள் நின்றேன்.
மழைக்கோட்டுக்குள் லேப்டாப்பைக்
கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு
ஐந்து பேர் போனார்கள்.
கூடலூர் பஸ் இரண்டு போனது.
திரும்பி வந்து ரூபவதி சொன்னாள்:
“பார்க்கிறேன்னு சொன்னார்.
எந்தத் தேதிக்குள்ளன்னு கேட்டோம்.
எழுதிக் குடுத்திருக்கார்.”
சொல்லும்போது அவளுக்குப் பல் தந்தியடித்தது.
குளிரா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கொட்டகையில் கரண்ட் இல்லை.
எலி கடித்துவிட்டது என்கிறார்கள்.
இருக்கலாம்.

பேட்டரி பதினொரு சதவீதம்.
ஏழாவது கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
போன் அதிர்கிறது. ஷமீமா:
“எங்க வீட்டுல கரண்ட் இருக்கு.
அங்கேருந்து எத்தனை மீட்டர் ஒயர் வேணும்?
நம்பர்ல அனுப்புங்க.”

படிவத்தை மூடிவிட்டு
கொட்டகை வாசலில் இறங்கி
மழைக்குள் அடி வைத்து எண்ணுகிறேன்.