ஒரு பெட்டி கரி

லிங்கராஜபுரத்தில் மழை வந்தால்
முதலில் போவது கரண்ட்,
அடுத்து என் வண்டித் தார்ப்பாய்.
சனிக்கிழமை, ராத்திரி எட்டு.
இரண்டாம் மாடி வக்கீலுக்குப் பன்னிரண்டு சட்டை பாக்கி.
இஸ்திரிப் பெட்டியில் கங்கு நல்ல பதத்தில் இருந்தது.

நாலாம் மாடி ஜோஜி நனைந்துகொண்டே வந்தான்.
‘சேச்சி, கொஞ்சம் கனல் தருமோ?’

கனல்.
எங்களுக்கு அது சாமிப் பாட்டில் வருகிற சொல்,
வாயில் வருவது கங்குதான்.
அவனுக்கோ அடுப்படிச் சொல்.
அந்த ஒரு சொல்லுக்காகவே ஏறினேன்
ஏழு கிலோ பெட்டியோடு
லிஃப்ட் செத்த மாடிகளை.

மொட்டை மாடித் தகரக் கூரைக்கடியில்
சக்கரம் வைத்த கறுப்புப் பீப்பாய்.
ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனதாம்.
மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிதான் அதற்கு இரையாம்.
கரண்ட் இருந்தால்
தானே ஊட்டிக்கொள்ளுமாம்,
தானே ஊதிக்கொள்ளுமாம்.
ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தேன்.
அச்சு அசல் மாட்டுத்தீவனம்.
மூடியைத் திறந்தான்,
உள்ளே மாடு.

இரண்டு விரல் தடிமனில் நாலு துண்டு.
உப்பும் மிளகும் தவிர வேறெதுவும் அறியாதவை.
ஒரு மணி நேரம் புகையில் கிடந்தும்
நனைந்த பேப்பர் நிறம்.
மேலே ஒரு முறுகல் ஏறவேண்டுமாம்,
அதற்குள் விசிறி நின்றுவிட்டது.

போன் வெளிச்சத்தைப் பிடித்திருந்த டின்ஸி
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
‘சேச்சி, இது… சாப்பிடுவீங்களா?’
‘மாட்டுக்கறிதானே’ என்றேன்.
மழையிலும் அந்தச் சொல் நன்றாகவே கேட்டது.
‘எருமை, எருமை’ என்றான் ஜோஜி அவசரமாக,
‘கீழே யார்கிட்டயும்…’

கீழே யார்?
அவர்கள் சொல்வதையெல்லாம் நான் கேட்பதில்லை.
முதல் மாடி சுத்த சைவத்தின்
வலது கைப்பட்டியில்
மாதம் இரண்டு தடவை
ஒரு எண்ணெய்க் கறை வருகிறது.
நான் அதன்மேல் தேய்த்து மடித்து
அடியில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

செங்கல் நாலு அடுக்கி, நடுவில் கங்கைக் கொட்டி,
அதன்மேல் அவர்கள் இரும்புச் சட்டி.
சூடு எவ்வளவு என்று கம்பி வைத்து அளக்கப் போனான்.
ஒரு சொட்டு நீர் தெளித்தேன்.
பரவிக் கொதித்தால் பட்டு.
உருண்டு ஓடினால் பருத்தி.
ஓடியது. ‘போடு’ என்றேன்.

அப்பா, என்ன சத்தம்!
ஈர வேட்டியில் பெட்டி விழுந்தால் கேட்குமே, அதில் பத்து மடங்கு.
கொழுப்பு உருகி ஓரத்தில் பொரிந்தது.
புகை நிமிர்ந்து தகரத்தில் முட்டி
வழி தெரியாமல் எங்கள் மேலேயே திரும்பி வந்தது.
என் பெட்டியாலேயே மேலே ஒரு அழுத்து அழுத்தலாமா
என்று கை போய்விட்டது, சத்தியமாக.
வக்கீலின் வெள்ளைச் சட்டை நினைவுக்கு வர, விட்டேன்.

எடுத்துப் பலகையில் வைத்தபின்
ஐந்து நிமிடம் யாரும் தொடக்கூடாது என்றான்.
தெரியும்.
தேய்த்த சூட்டோடு மடித்தால்
சட்டைக்கும் வேண்டாத மடிப்பு விழும்.
நாலு பேரும் சும்மா நின்றோம்,
நான், அவர்கள், மழை.

வெட்டினான்.
வெளியே கரி நிறம். உள்ளே செம்பருத்தி.
‘என்னுடையதைத் திரும்பச் சட்டியில் போடு’ என்றேன்.
ஜோஜியின் முகம் வாடியதைப் பார்த்தும்தான் சொன்னேன்.

கங்குக்கு எவ்வளவு என்று கேட்டான்.
பத்து உருப்படிக் காசு வாங்கிக்கொண்டேன்.
கணக்கு நோட்டில் ‘கரி’ என்று எழுதப்போய்
பெரிய ற விழுந்துவிட்டது.
அடிக்கவில்லை.

ஞாயிறு காலை வக்கீல் வீட்டம்மா
சட்டை எங்கே என்றாள்.
ராத்திரி கரண்ட் இல்லையே என்றேன்.
‘உன் பெட்டிக்குக் கரண்ட் எதுக்கு?’

அதுவும் சரிதான்.