மரப்பெண்ணின் முக்காடு

கடல் இறுகத் தொடங்கிய நாளில்
எங்கள் விரிகுடாவுக்குள் வந்து மாட்டிக்கொண்டது கப்பல்.
திமிங்கிலம் தேடி வந்தவர்கள்.
கல்லுனாட் என்போம் அவர்களை.
எனக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

பெரியவர்கள் போய்ப் பேசினார்கள்.
பேச்சென்றால், கையால், புருவத்தால்.
அம்மா ஒரு ஜோடி சீல்தோல் காலணி கொடுத்து
மூன்று இரும்பு ஊசி வாங்கிவந்தாள்.
எலும்புக் குழலில் போட்டு
தூங்கும்வரை குலுக்கிக் குலுக்கிக் கேட்டாள்.

அக்கா நிவியாக் ஊசியைப் பார்க்கவில்லை.
கப்பலின் மூக்கையே பார்த்தாள்.
அங்கே ஒருத்தி நின்றாள்.
மரத்தாலான பெண்.
நீலச் சட்டை, திறந்த கழுத்து,
நீட்டிய வெறுங்கை. தலையில் ஒன்றுமில்லை.
"இவளுக்கு யாருமே இல்லையா?" என்றாள் அக்கா.

மரம் முளைக்காத மண் எங்களுடையது.
கடல் என்றைக்காவது ஒரு கட்டை கொடுத்தால்
அப்பா அதை முதலில் முகர்ந்து பார்ப்பார்.
அவ்வளவு மரத்தையும் ஒருத்தியாக்கி
இப்படிக் குளிரில் நிறுத்துவார்களா?

ஏழெட்டு உறக்கம் பொறுத்தாள்.
பிறகு கலைமான் தோல் துணுக்குகளைப் பொறுக்கி
விளக்கடியில் தைக்க உட்கார்ந்தாள்.
தடித்த மடிப்பில் ஊசி முறிந்தது.
எவ்வளவு சின்னச் சத்தம்!
அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
இரண்டாம் ஊசியை எடுத்து
மிச்சத்தை அம்மாவே தைத்தாள்.

கப்பலில் ஒரு பையன் இருந்தான்.
செம்பட்டைத் தலை, காதுவரை புள்ளிகள்.
கில்பர்ட் என்றான். எங்கள் நாக்கில் அது
கிலிப்பாத்தி ஆயிற்று.
ஈறு வீங்கி, இரத்தம் கசிய நின்றான்.
திமிங்கிலத் தோலைப் பச்சையாக நீட்டினேன்.
முதல் நாள் துப்பினான்.
மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான்.
அதற்கடுத்த நாள்
என் பங்கையும் கேட்டான், திருடன்.

அவன்தான் கயிற்றில் தொங்கியபடி
மரப்பெண்ணுக்கு முக்காடு மாட்டினான்.
மாலுமிகள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள்.
தலைவர் சிரிக்கவில்லை.
கழற்று என்று கையை உயர்த்தினார்,
அப்புறம் என்ன நினைத்தாரோ,
அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு
உள்ளே போய்விட்டார்.

பனி உடைந்தது. கப்பல் போனது.
விட்டுச்சென்றது, அடி நசுங்கிய வாளி ஒன்று,
கொஞ்சம் கயிறு,
ஓர் இருமல்.
இருமல் மூன்று கூடாரங்களில் ஏறி இறங்கியது.
என்னோடு சறுக்கி விளையாடும் கூப்பாக்
எழுந்திருக்கவேயில்லை.
அதற்குப் பிறகு கிலிப்பாத்தி என்று சொன்னால்
யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மூன்றாம் கோடையில்
கடல் ஒரு கட்டையைக் கரையேற்றியது.
இடுக்கில் கொஞ்சம் நீலச் சாயம்.
தோளிலிருந்து விரல்வரை ஒரு கை.

இருட்டாத அந்த இரவு முழுக்க
அக்கா கரையோரம் நடந்தாள்,
செம்பட்டை முடி எங்காவது தெரிகிறதா என்று.
கடற்பாசி கிடந்தது. செத்த மீன் கிடந்தது.
முக்காடுகூட இல்லை.

கட்டையை என்ன செய்வதென்று அப்பா கேட்டார்.
அக்காவிடம்தான் கேட்டார்.
வெகுநேரம் அந்த விரல்களைத் தடவிவிட்டு
"ஈட்டிக்கு" என்றாள்.

அப்பா கையைச் சீவினார். விரல்களைச் சீவவில்லை.
இப்போது அந்த ஈட்டி என்னிடம் இருக்கிறது.
சீல் மூச்சுவிடும் துளையருகே
அசையாமல் காத்திருக்கும்போது
என் பக்கத்தில் அந்த ஐந்து விரல்களும் காத்திருக்கின்றன,
கையுறை போட்டுக்கொண்டு.
கேலி செய்யாதீர்கள்.
அக்கா தைத்தது.