தண்ணிக் கழிவு

இரவு இரண்டு மணிக்கு மஸ்கெலியா மழை
தகரத்தில் இறங்கினால் வார்டில் யார் பேசுவதும் கேட்காது.
அதனால் கத்தித்தான் கேட்டாள் புவனமலர்:
"மெஷின் வைங்க டொக்டர்.
மேட்டு லயத்துப் பிள்ளைக்கு வெச்சாங்க,
மூணாம் நாள் சுகமாச்சு."

நாலு மாசப் பிள்ளை. மூச்சிழுக்கும்போதெல்லாம்
விலாவுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்து நிரம்புகிறது.
சளி உறிஞ்சியாயிற்று. மூக்கில் ஒக்சிசன்.
பால் துளித்துளியாய், குழாய் வழியே.
இனி நான் செய்வதற்கிருப்பது
செய்யாமலிருப்பதுதான்.

அலமாரி மேல் அந்த மெஷின்.
போட்டால் இரையும், புகை வரும்,
ஏதோ நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்.
ஆறு வருஷம் நானும் வைத்தேன்.
அம்மாமார் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.
வைக்காவிட்டாலும் மூன்றாம் நாள் சுகமாகியிருக்குமோ என்று
கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கெங்கோ வார்டுகளில்
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புநீர்,
எது எவருக்கென்று வைத்தவருக்கே தெரியாமல்.
பிறகு யாரோ அத்தனையையும் தேடிச் சேர்த்து
ஒரே தாளில் நிரை நிரையாய் அடுக்கினார்கள்.

இவளுக்கு எப்படிச் சொல்ல?
"கொழுந்து நிறுக்கிற மாதிரி," என்கிறேன்.
"ஒவ்வொரு ஆய்வும் ஒரு சாக்கு. நனைஞ்சிருந்தா கழிவு.
அடியில முத்தல் இலை ஒளிச்சிருந்தா கழிவு.
மிச்சத்தைத்தான் கூட்டுவாங்க."
முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.
"எங்களுக்கு நனையாட்டியும் கழிப்பாங்க."

பதிலில்லை என்னிடம்.
இன்னொன்றையும் அவளிடம் சொல்லவில்லை:
நான் பார்த்த நிரைகளில் இந்த மலைப் பிள்ளை எதுவுமில்லை,
லயத்து அடுப்புப் புகையில் கண் திறந்த பிள்ளை,
இரண்டு கிலோவில் பிறந்த பிள்ளை.
இருந்தும் அந்தத் தாளை நம்பிக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூச்சை எண்ணுகிறேன். அறுபத்தெட்டு.
அறுபத்தாறு.
எழுபது.
எழுபதில் நான் அலமாரியைப் பார்த்தேன்.
சந்தமாலி மிஸ்ஸியும் பார்த்தாள்.
இருவரும் கண்ணைத் திருப்பிக்கொண்டு
மறுபடி எண்ணினோம்.

மூன்றாம் நாள் விடியலில் நாற்பத்தாறு.
முலையைத் தேடி வாய் திறந்தது.
"முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தேன்," என்றாள், "அதான்."
தலையாட்டினேன்.

வாசல்வரை போனபோது
புதிதாய் வந்த பிள்ளையின் அம்மா அவளை நிறுத்திக் கேட்டாள்,
மெஷின் வெச்சாங்களா என்று.
"இல்ல," என்றாள் புவனமலர்,
கொஞ்சம் வெட்கத்தோடு.