நீலம் ஏறாத இடம்

இப்ரியில் வெள்ளிக்கிழமை மத்தியானம்.
ஹமூதின் இரட்டைக்குழல்
என் கட்டில் பலகைமேல் கிடக்கிறது.
தோட்டா இல்லையென்று நானும் மரியதாஸும்
தனித்தனியே பார்த்தாயிற்று.

பிடித்துப் பிடித்து நடுவே வெளுத்த இரும்பு.
வியாழக்கிழமை கல்யாணமாம்,
வானத்தைச் சுட வேண்டுமாம்.

கம்பிநாரால் தேய்த்தேன்.
அசிட்டோனில் துடைத்தேன்.
பிறகு அந்த மருந்து. பஞ்சில் தொட்டு இழுக்க
முதலில் சாம்பல், அப்புறம் பாசிநிறம்,
ஐந்தாம் தடவையில்தான்
நீலமென்று ஒப்புக்கொள்ளலாம் போல ஒரு கறுப்பு.

ஓரிடத்தில் மட்டும் ஏறவில்லை.
வெளிச்சத்தில் சாய்த்தால்
என் கட்டைவிரல்,
சுழிசுழியாய், ஒரு ரேகை குறையாமல்.
எப்போது தொட்டேனோ.

ஒர்க்‌ஷாப் வாசல் மிஷின்
மூன்று மாதமாய் இதே விரலை
"மறுபடி வை" என்கிறது.
இரண்டு அரைநாள் சம்பளம் அதில் போனது.

தேய்த்தால் போய்விடும், பத்து நிமிட வேலை.
கம்பிநாரை எடுத்தேன்.
டீ ஆறுதுடா என்றான் மரியதாஸ்.

எண்ணெய் பூசி, லுங்கித் துணியில் சுற்றிக்
கொடுத்துவிட்டேன்.
ஹமூத் குழலைத் தடவிப் பார்த்து
"ஜைன், ஜைன்" என்றார்.
பத்து ரியால்.

வியாழன் ராத்திரி
ஊருக்கு அந்தப் பக்கம் இரண்டு வெடி.
போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து
விரலைப் பார்த்தேன்.
இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.