படம் 214

அந்த ஜெர்மன் புத்தகத்தில் எழுத்து புரியாது,
தையல் புரியும்.
காலாட்படைக்குத் தோளில் வெள்ளை ஓரம்,
பீரங்கிக்குச் சிவப்பு,
சாமான் வண்டிக்காரனுக்கு வெளிர்நீலம்.
காலர் பட்டையில் டேப்பை வைத்து
"ஒரு நூல் கூடுதுக்கா" என்றாள் நசீமா.
பிரித்துத் தைத்தோம்.

பர்கூரிலிருந்து நாற்பது சட்டை போனது.
கிருஷ்ணகிரி கல்குவாரியில்
மாங்கூழ் ஆலைப் பையன்களுக்கு மாட்டிவிட்டு
மூன்று நாள் சுட்டார்கள் சினிமாக்காரர்கள்.

துவைக்கத் திரும்பிய மூட்டையில்
ஒரு மார்புப் பைக்குள்
காவேரிப்பட்டணம் டவுன் பஸ் டிக்கெட்.
இருநூற்றுப் பதினாலாம் படம் இதே பைதான்:
மடிப்பு, மூடி, உள்தையல்,
எல்லாவற்றுக்கும் அம்புக்குறி.

இரண்டாம் பொத்தானை மட்டும்
சாக்கு தைக்கிற பச்சை நூலில்
எவனோ இறுக்கியிருக்கிறான்.
என் கையல்ல. நசீமா கையுமல்ல.
பிரிக்கக் கத்தரி எடுத்தவள்
வைத்துவிட்டேன்.