இரண்டு சட்டை

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
கானாடுகாத்தான் தாண்டிக் கருவேலங்காட்டுக்கு
வேனில் ஆள் ஏற்றிப் போனவன்தான் நான்.
ஒரு பிணம் குறைகிறது என்றார்கள்.
எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

காலையில் பச்சைச் சட்டை. நம் பட்டாளம்.
மரத் துப்பாக்கி; சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்களாம்.
பூட்டிக் கிடந்த பெரிய வீட்டு மதிலோரம் வரிசையாய் நின்று
எதிரில் ஒருவருமில்லாத செம்மண் பொட்டலைச் சுட்டோம்.
"வெறுப்பு பத்தலய்யா, வெறுப்பு!"
மைக்கில் கத்தினான் உதவி டைரக்டர்.
நான் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.
அண்ணன் இன்னாசியை அந்தப் பொட்டலில் நிறுத்தினேன்.
நாலடி முடுக்கு, ஆறு வருஷ வழக்கு,
பூசையில் சமாதானம் சொல்லும் நேரம்
அவன் இடப்பக்கம் திரும்பினால் நான் வலப்பக்கம்.
"சூப்பர்," என்றான். ஒரே டேக்.

மதியம் கோழி பிரியாணி.
வெள்ளிக்கிழமை என்று வெறும் ரசம் சோறு வாங்கிக்கொண்டேன்.
அதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிற்பகல் காக்கிச் சட்டை, ஒட்டு மீசை. எதிரிப் பட்டாளம்.
விசில் ஊதினதும் ஊருணிக் கரையிலிருந்து உருண்டு விழ வேண்டும்.
விழுந்தேன்.
ரத்தம் சர்க்கரைப்பாகு. எறும்புக்கு அது தெரியும்.
காதுக்குள் ஒன்று, இமையில் இரண்டு;
செத்தவன் சொறியக் கூடாது.
இரண்டு டேக்குக்கு நடுவே
டீ கொடுக்கிற பையன், பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்,
ஈரத் துண்டால் என் முகத்தை ஒற்றி எடுத்தான்.
துண்டில் சிவப்பாக ஒரு முகம்.
அன்று சாயங்காலம் சிலுவைப்பாதையில்
ஆறாம் தலத்தில் முழங்காலிட்டவன்
ஏழாம் தலத்துக்கு எழுந்திருக்க நேரமாகிவிட்டது.

கிளம்பும்போது பார்த்தேன்:
பச்சையையும் காக்கியையும் ஒரே அண்டாவில் ஊறவைத்து
மிதித்துக்கொண்டிருந்தாள் துணி துவைக்கிறவள்.
தண்ணீருக்குள் எது யார் ரத்தம்?

ஐப்பசியில் படம் வந்தது. காரைக்குடி, இரவுக் காட்சி.
இடைவேளைக்குப் பிறகு அந்தச் சண்டை.
மதிலோரம் நான், பல்லைக் கடித்துக்கொண்டு சுடுகிறேன்.
வெட்டு.
ஊருணிக் கரையில் நான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறேன்.
வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
என்னை நானே கொன்றேன், நாலு செகண்டில்,
அண்ணனுக்கென்று எடுத்துவைத்திருந்த வெறுப்பால்.

கொட்டகையே எழுந்து கத்தியது.
எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு விசில்,
இரண்டு விரலை மடக்கி நாக்குக்கடியில் வைக்கிற விசில்.
சின்ன வயதில் ஊருணியில் அவன்தான் கற்றுக்கொடுத்தான்.

வெளியே, சைக்கிள் ஸ்டாண்டில், கால் தானாக நின்றது.
"நீ விசிலடிச்சியே,
கரையிலேருந்து விழுந்தானே ஒருத்தன்,
அது நான்."
இன்னாசி என்னைப் பார்த்தான்.
ஆறு வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தான்.
"தெரியாதுடா," என்றான்.

பெரிய வெள்ளியன்று
சிலுவையின் முதல் வார்த்தைக்கு மட்டும்
சாமியார் அரைமணி நேரம் பேசுவார்.
ஒவ்வொரு வருஷமும் நான்
யார் யாரெல்லாம் தெரியாமல் செய்தார்கள் என்று
எண்ணிக்கொண்டிருப்பேன்.
என் பேர் வந்ததில்லை.

மதிலோரம் நின்றதும் நான்தான் என்று
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
முடுக்கு அங்கேதான் இருக்கிறது, நாலடி.
வழக்கு பன்னிரண்டாம் தேதி வாய்தா.

"வண்டியில லைட் எரியல, பாத்துப் போ,"
என்றவன், கொஞ்சம் யோசித்து,
தன் வண்டியை முன்னால் விட்டான்.
கோட்டையூர் வரைக்கும்
அவன் வெளிச்சத்தில் வந்தேன்.